அம்மாவின் மறதி எனக்கும் வருமா? மரபணு சொல்வதும் சொல்லாததும்

முதுமை மறதி நோய் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும், சமூக மன்றத்திலோ கோயில் அன்னதானக் கூடத்திலோ, கடைசியில் ஒரு கேள்வி வந்தே தீரும். “எங்க அம்மாவுக்கு இருக்கு. எனக்கும் வருமா?” கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தொட்ட மகளாக இருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். “அது பரம்பரை, வரத்தான் செய்யும்” என்பார் ஒருவர். “வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே” என்பார் இன்னொருவர். இப்போது மூன்றாவதாக ஒரு பதிலும் சேர்ந்திருக்கிறது: “எச்சில் எடுத்து அனுப்புனா மரபணு பார்த்துச் சொல்லிடுறாங்களாமே.”

இந்த மூன்றில் எதை நம்பினாலும் அந்த மகள் தவறான முடிவுக்குத்தான் போவார். ஒன்று வீணாகப் பயப்படுவார், இல்லையென்றால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுவார். சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வு 2013-ல் கண்டது. பத்தாண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது அது பதினொன்றில் ஒருவர் என்று சற்றே இறங்கியிருந்தது. அப்படியானால் நம் சொந்தபந்தத்தில் யாரோ ஒருவர் வீட்டில் இந்தக் கேள்வி இருக்கிறது என்றுதான் பொருள். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். முதுமை மறதி என்பது ஒரே நோயின் பெயரல்ல. நினைவும் சிந்தனையும் அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குத் தேய்ந்துபோன நிலைக்கு அந்தப் பெயர். அதற்குக் காரணங்கள் பல. மூளையின் இரத்தக் குழாய்கள் கெட்டுப்போவதாலும் அது வரும். மற்றொரு பெரிய காரணம் நரம்புச் சிதைவு நோய்கள், அதாவது மூளையின் நரம்பணுக்கள் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லச் செயலிழந்து அழியும் நோய்கள். நினைவைத் தின்னும் அல்சைமர், கை நடுங்கி அசைவு மந்தமாகும் பார்க்கின்சன், உடல் தானாகத் துள்ளி ஆடி மனமும் தேயும் ஹண்டிங்டன் ஆகியவை இந்த வகை. இந்தக் கட்டுரை இவற்றைப் பற்றியது.

மூளைக்குள் அடைத்துக்கொள்வது என்ன?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கில் குடியிருப்பவர்களுக்குக் குப்பைக் குழாயைத் தெரியாமல் இருக்காது. பழைய புளோக் என்றால் அடுப்படியிலேயே அதன் மூடி இருக்கும். பத்துப் பன்னிரண்டு மாடிகளிலிருந்தும் பையைப் பையாக உள்ளே தள்ளுகிறோம். கீழே சேர்வதைத் துப்புரவாளர் தினமும் வந்து அள்ளிப்போகிறார். இந்தக் குழாய் அடைத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. ஏதோ ஒரு வீட்டிலிருந்து அளவுக்கு மீறிக் குப்பை விழலாம். குப்பை பிசுபிசுவென்று சுவரில் ஒட்டும் வகையாக இருக்கலாம். அல்லது கீழே அள்ளும் வேலை சுணங்கலாம். எதுவானாலும் முதலில் யாருக்கும் தெரியாது. நாற்றம் மேலே வரும்போது குழாய் பல மாடிக்கு நிரம்பியிருக்கும்.

நரம்பணுக்குள்ளும் அதைச் சுற்றியும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. உடலின் பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரதங்கள். சாப்பாட்டில் சொல்லும் புரதச்சத்தை இங்கே நினைக்க வேண்டாம். ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் தயாரித்துக்கொள்ளும் நுண்ணிய கருவிகள் இவை. வேலை முடிந்த புரதத்தை உயிரணு உடைத்து அகற்றிவிட வேண்டும். அல்சைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதத் துண்டு நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. அப்புறம் டாவ் என்ற புரதம் உள்ளே முறுக்கிக்கொண்டு சிக்காகிறது. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ல் விவரித்தது இந்த இரண்டையும்தான். பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற வேறொரு புரதம் நரம்பணுவுக்குள் உருண்டையாகச் சேர்கிறது.

குப்பைக் குழாய் உவமை ஓர் இடத்தோடு நின்றுவிடும். அடைத்த குழாயைக் கழுவிவிட்டால் பழையபடி ஓடும். செத்த நரம்பணு திரும்பி வராது. அல்சைமரில் முதல் மறதி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. பார்க்கின்சனில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல், மோப்பம் குறைவது, கனவில் கைகால்களை வீசி அடிப்பது போன்றவை வரலாம். ஆய்வாளர்கள் ‘முன்கூட்டியே, முன்கூட்டியே’ என்று தவிப்பதற்கு இதுவே காரணம். நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் பாதிச் சேதம் முடிந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது: நரம்புச் சிதைவு நோய் என்பது புரதக் கழிவு சேர்ந்து நரம்பணுக்கள் சாவது. அறிகுறி தெரிவதற்கு வெகுகாலம் முன்பே அது தொடங்கிவிடுகிறது.

மரபணுவுக்கு இதில் என்ன வேலை?

மரபணு என்பது, ஒரு புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு அடங்கிய டிஎன்ஏ பகுதி. மனிதருக்கு இப்படி ஏறத்தாழ 20,000 உண்டு. பெரும்பாலானவற்றில் அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. குறிப்பில் ஆளுக்கு ஆள் இருக்கும் எழுத்து வேறுபாட்டை மாறுபாடு என்கிறோம். மாறுபாடு இல்லாத மனிதரே கிடையாது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

குழாய் அடைக்கும் மூன்று வழிகளுக்கும் மரபணுவில் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். அமிலாய்டு எந்தப் பெரிய புரதத்திலிருந்து வெட்டப்படுகிறதோ, அதற்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில் (டிஎன்ஏ சுருட்டி வைக்கப்பட்ட கட்டுகளில் ஒன்று) இருக்கிறது. வழக்கமாக இரண்டு இருக்கும் அந்தக் குரோமோசோம், டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ளவர்களுக்கு மூன்று. ஆகவே அமிலாய்டும் கூடுதலாக உற்பத்தியாகிறது. நாற்பது வயதுக்குள் அவர்கள் மூளையில் அல்சைமர் மாற்றங்கள் தெரிவது அதனால்தான். குப்பையின் அளவு கூடுவது என்றேனே, அது இது. ஒட்டும் குப்பைக்கு உதாரணம் பிரெசெனிலின்-1 மரபணு. அது பழுதானால் அமிலாய்டு நீளமாக, எளிதில் ஒட்டிக்கொள்ளும் துண்டாக வெட்டப்படுகிறது. அள்ளும் வேலை சுணங்குவதற்குப் பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஜிபிஏ-1 மரபணுவைச் சொல்லலாம். நரம்பணுவின் கழிவு கரைக்கும் பைக்குள் வேலைசெய்யும் ஒரு நொதியை, அதாவது கழிவை உடைக்கும் புரதத்தை, அது உண்டாக்குகிறது. நொதி பலவீனமானால் கழிவு தங்கிவிடுகிறது.

ஆய்வாளர்கள் நோயாளிக் குடும்பங்களின் மரபணுவைத் தோண்டுவது யாருக்கு வரும் என்று ஜோசியம் சொல்வதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன், நோய் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிவது. 1997-ல் இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் ஆல்ஃபா-சைனூக்ளின் மரபணுவில் பழுதைக் கண்டார்கள். அத்தகைய குடும்பங்கள் உலகில் மிகச் சில. ஆனால் அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனதில், பழுதே இல்லாத சாதாரண நோயாளிகளின் மூளையிலும் திரள்வது அதே புரதம்தான் என்று தெரிந்தது.

எல்லா மரபணுவும் ஒரே கனமா?

இல்லை. “அவருக்கு அந்த மரபணு இருக்காம்” என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் மூன்று வேறு சங்கதிகளை அடைத்துவிடுகிறோம். குழப்பமெல்லாம் தொடங்குவது இங்கேதான்.

முதலாவது, இருந்தால் நோய் வந்தே தீரும் என்ற வகை. ஹண்டிங்டன் நோய்க்கான மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அதில் மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், முழு ஆயுளும் வாழ்பவருக்கு நோய் வந்துவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அல்சைமரிலும் இந்த வகை உண்டு. ஆனால் மொத்த அல்சைமர் நோயாளிகளில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களுக்கு எழுபதில் அல்ல, நாற்பதிலும் ஐம்பதிலுமே நோய் தொடங்கிவிடும்.

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் பிரெசெனிலின்-1 பழுது தலைமுறை தலைமுறையாக ஓடும் ஒரு பெரும் வம்சம் இருக்கிறது. பழுது உள்ளவர்களுக்கு நாற்பதுகளின் நடுவில் மறதி தொடங்கும். அந்த வம்சத்தில் ஒரு பெண்ணுக்குப் பழுது இருந்தும், எழுபதை எட்டும்வரை பெரிய பாதிப்பு இல்லை. மூளையில் அமிலாய்டோ ஏராளம். தேடிப் பார்த்ததில் ஏபோ-ஈ என்ற வேறொரு மரபணுவில் அவருக்கு இருந்த மிக அரிய மாறுபாடு அவரைப் பாதுகாத்திருக்கலாம் என்று தெரிந்தது. 2019-ல் வெளியான இந்தச் செய்தி மருந்து தேடுவோருக்குப் புதிய வழி காட்டியது. தப்பவே முடியாது என்ற வகையிலும் ஒருவர் பல்லாண்டுகள் தப்பியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் விஷயம்.

இரண்டாவது வகை, ஆபத்தைக் கூட்டும் மரபணு. மிகவும் பேசப்படுவது இப்போது சொன்ன அதே ஏபோ-ஈ. அது ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வடிவங்களில் வரும். அமிலாய்டை அகற்றுவதில் ஈ4 மந்தம். அதில் ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மடங்கு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஈ2 கொஞ்சம் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் ஈ4 இருந்தும் தொண்ணூறு வயதில் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. ஈ4 இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய. எச்சில் பரிசோதனை நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கையில் பெரும்பாலும் இருப்பது இந்த ஈ4 கணக்குத்தான். ‘ஈ4 இருக்கிறது’ என்பதை ‘அல்சைமர் இருக்கிறது’ என்று வாசித்துவிட்டுத் தூக்கம் கெடுவது நியாயமே இல்லாத துன்பம்.

மூன்றாவது, ஆளுக்கொரு துளி சேர்க்கும் சின்னச் சின்ன மாறுபாடுகள். 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அல்சைமரோடு தொடர்புள்ள 75 இடங்களை மரபணுத் தொகுதியில், அதாவது நம் மொத்த டிஎன்ஏவில், குறித்தது. தனியாக எடுத்தால் எதுவும் பொருட்டல்ல. பெரும்பாலான குடும்பங்களில் மறதி ‘ஓடுவது’ போலத் தோன்றுவது இவற்றின் கூட்டு விளைவாலும், ஒரே வீட்டின் சாப்பாடு, சர்க்கரை, இரத்த அழுத்தம், படிப்பு, தனிமை ஆகியவற்றாலும்தான். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் முதுமை மறதியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அம்மாவுக்கு இருக்கிறதே என்று தவிக்கும் மகள், தன் காதையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வதில் நிறைய லாபம் உண்டு.

சுருக்கமாக: சில அரிய மரபணுக்கள் நோயை ஏறக்குறைய உறுதியாக்கும். சில ஆபத்தைக் கூட்டும். பெரும்பாலானோருக்கு இருப்பது பல சிறு மாறுபாடுகளும் வாழ்க்கைமுறையும் சேர்ந்த கலவை.

முன்கூட்டியே கண்டறிவது வேறு விஷயம்

மரபணுப் பரிசோதனையும் நோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் பரிசோதனையும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டும் வேறு. மரபணு நாம் பிறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ, அறுபதிலும் அப்படியே இருக்கும். அது வாய்ப்பைத்தான் சொல்லும். நோய் தொடங்கிவிட்டதா என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

தொடங்கிவிட்டதா என்று சொல்வது உயிர்க்குறியீடு. உடலுக்குள் நடப்பதைக் காட்டிக்கொடுக்கும், அளக்கக்கூடிய பொருள் அல்லது படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலாய்டு படிவைப் பெட் ஸ்கேனில் (சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கும் படம்) பார்க்கலாம், அல்லது முதுகுத்தண்டு நீரை எடுத்து அளக்கலாம். முன்னதுக்குச் செலவு அதிகம், பின்னதுக்கு ஊசிப் பயம். அண்மைய ஆண்டுகளின் பெரிய முன்னேற்றம், இரத்தத்திலேயே பி-டாவ்217 என்ற டாவ் துண்டை அளக்க முடிவது. 2025 மே மாதம், அல்சைமருக்கான முதல் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அதிலும் நிபந்தனை உண்டு. 55 வயதோ அதற்கு மேலோ ஆன, ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களுக்குத்தான். அறிகுறியே இல்லாதவர் ஆர்வத்தில் எடுத்துப் பார்ப்பதற்கல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அளவு வேறு காரணத்தாலும் கூடும். நீரிழிவும் சிறுநீரக நோயும் மலிந்த நம் வீடுகளில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடமும் உண்டு. அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளில் மூளை வீக்கமும் இரத்தக்கசிவும் பக்க விளைவுகள். ஈ4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். ஆகவே மருந்து தொடங்குமுன் ஏபோ-ஈ பார்ப்பது இப்போது உண்மையான பயனுள்ள காரியம். பார்க்கின்சனிலும் ஒரு பாடம் இருக்கிறது. முதுகுத்தண்டு நீரில் ஆல்ஃபா-சைனூக்ளினைப் பெருக்கிக் கண்டறியும் பரிசோதனை, 2023-ல் வெளியான ஆய்வில் நோயாளிகளில் 88 விழுக்காட்டினரைச் சரியாகக் காட்டியது. ஆனால் லார்க்-2 என்ற மரபணுப் பழுதால் நோய் வந்தவர்களிடம் அவ்வளவு சரியாக வேலைசெய்யவில்லை. ஒரே பெயர் கொண்ட நோய்க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கலாம் என்று இதிலிருந்து தெரிகிறது.

சிங்கப்பூர் இந்தியர்களின் கணக்கு எங்கே?

மேலே சொன்ன ‘மூன்று மடங்கு’ யாரை வைத்துக் கணக்கிட்டது? பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை. ஜப்பானியர்களிடம் ஈ4-இன் தாக்கம் அதைவிடக் கூடுதலாகவும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவாகவும் இருப்பதாக 1990களிலேயே தெரிந்துவிட்டது. ஒரே மாறுபாடு எல்லாச் சமூகத்திலும் ஒரே எடை கொண்டதல்ல.

பார்க்கின்சன் ஆய்வில் சிங்கப்பூருக்கு நல்ல பெயர் உண்டு. லார்க்-2 மரபணுவில் சீனர்களிடம் அதிகம் காணப்படும் இரண்டு மாறுபாடுகள் ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகின்றன. ஐரோப்பியரிடம் தேடியிருந்தால் இவை சிக்கியிருக்காது. 2020-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு, கிழக்கு ஆசியாவின் சுமார் 6,700 பார்க்கின்சன் நோயாளிகளின் மரபணுவைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள 11 இடங்களை உறுதிசெய்தது. அவற்றில் இரண்டு புதியவை. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த இரண்டு லார்க்-2 மாறுபாடுகளும் இந்தியர்களிடம் அரிது, 6,700 பேரும் கிழக்கு ஆசியர்கள். சீன நண்பருக்குப் பொருந்தும் கணக்கை நம் மாமாவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

அதனால்தான் ஆளுக்கு ஆள் மாறும் மரபணுவைப் பார்த்துச் சிகிச்சையைப் பொருத்த முயலும் நாட்டின் துல்லிய மருத்துவத் திட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் கட்டத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஏறத்தாழ 10,000 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத் தொகுதியை வாசித்தார்கள். இரண்டாம் கட்டத்தின் இலக்கு 100,000 பேர். மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வுக்கு ஆள் கேட்கும்போது நாம் ஒதுங்கினால், நம் பங்கு இன்னும் சுருங்கும். கையில் ஊசி குத்தும் அந்த ஐந்து நிமிடத்தை நம் பிள்ளைகளுக்காகக் கொடுக்கலாம்.

பரிசோதனைக்கு முன் குடும்ப மரம்

மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று குடும்பத்துக்கு வழிகாட்டும் மரபணு ஆலோசகர் முதலில் கேட்பது இரத்தத்தை அல்ல. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று தலைமுறையை வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்கு ஒரு சாய்கோடு. “பாட்டிக்கு எந்த வயதில் தொடங்கியது?” என்பார். பலருக்குப் பதில் இருக்காது. பாட்டி தஞ்சாவூரில் இருந்தார், கடைசியில் ஆளைத் தெரியவில்லை, அவ்வளவுதான் தெரியும். அந்த வயது மிக முக்கியம். எழுபத்தெட்டில் தொடங்கியதா, நாற்பத்தெட்டிலா என்பதை வைத்தே ஆலோசகரின் அடுத்த கேள்வி மாறும். ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நம்மவர்களிடம் அவர் கேட்கும் இன்னொரு கேள்வி, “பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா?” தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவரையும் இணைக்கும் கோட்டை இரட்டைக் கோடாகப் போடுவார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்கின் என்ற மரபணுவில் இரண்டு பிரதிகளும் பழுதானால், இளவயதிலேயே பார்க்கின்சன் வரும். 1998-ல் ஜப்பானியக் குடும்பங்களில் கண்டது இது. பெற்றோர் ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்களானால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும். சொந்தத்தில் மணந்த பெரும்பாலானோரின் பிள்ளைகளுக்கு இது வருவதில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் ஒருவருக்குக் கை நடுங்கினால், அந்த இரட்டைக் கோடு மருத்துவருக்கு நல்ல துப்பு.

அடுத்து காப்புறுதி. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மரபணுப் பரிசோதனை செய்துகொள் என்று காப்புறுதி நிறுவனம் உங்களைக் கேட்கக் கூடாது. அறிகுறி இல்லாதவரின் எதிர்கால ஆபத்தைச் சொல்லும் முடிவையும், மிகப் பெரிய தொகைக்கான சில விதிவிலக்குகள் தவிர, பயன்படுத்தக் கூடாது. ஹண்டிங்டன் அந்த விதிவிலக்குகளில் ஒன்று. ஆனால் நோயை உறுதிசெய்வதற்காகச் செய்த பரிசோதனைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த வேறுபாட்டை ஆலோசகரிடம் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

சரி, யாருக்குப் பரிசோதனை? இளவயதில் நோய் தொடங்கிய வீடுகளில் பிள்ளைகள்தான் முதலில் ஓடிவருவார்கள். ஆலோசகர் கேட்பதோ நோய் உள்ளவரின் இரத்தத்தை. அம்மாவிடம் எந்தப் பழுது என்று தெரிந்தால், மகளிடம் அதே ஓர் இடத்தைத் தேடித் தெளிவாக ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். அம்மாவைப் பார்க்காமல் மகளை மட்டும் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், பழுதே இல்லையா, இன்னும் யாரும் கண்டுபிடிக்காத பழுதா என்று சொல்ல வழியிருக்காது. ஐம்பது வயதுக்கு முன்பே அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நோய் தொடங்கியிருந்தால், அவர் தன் சம்மதத்தைத் தானே சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே அழைத்துப் போங்கள்.